நாணுக்கு நூல் சுற்றும் கருவியை வீட்டிலேயே செய்யலாமா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: "மகள் ரிகர்வ் வில்லில் (முனைகள் முன்னோக்கி வளைந்த வில்) பயிற்சி எடுக்கிறாள். நாணின் நடுவில் சுற்றியிருக்கும் நூல் தளர்ந்து, அம்பு பொருந்தும் இடம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. கையால் சுற்றிப் பார்த்தேன்; இரண்டே நாளில் அவிழ்ந்துவிட்டது. இதற்கான கருவியை நானே செய்ய முடியுமா?"

தாராளமாக முடியும். பயிற்சிக் களத்தில் 'சர்விங்' என்று சொல்லப்படும் இந்தச் சுற்று, விரலும், அம்பின் பின்முனையில் நாணைக் கவ்வும் பிளவும் ('நாக்') உரசி நாணின் இழைகள் தேயாமல் காக்கிறது. கையால் சுற்றினால் ஒரு சுற்று இறுகும், அடுத்தது தளரும். நூல் ஒரே இழுவிசையில் வந்தாக வேண்டும். பட்டு நூற்பவர்களை அருகில் பார்த்த நம் தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கருவியின் வேலை அது ஒன்றுதான்.

10 சென்டிமீட்டர் நீளம், 4 அகலம், 2 கனத்தில் ஒரு தேக்குத் துண்டு போதும். ஒரு முனையில் நாண் உட்காரும்படி அரைவட்டக் குழி வெட்டி, உப்புத்தாளால் கண்ணாடிபோல் தேய்த்துவிடுங்கள். குழியை ஒட்டி ஒரு துளை போட்டு, செருப்புத் தைப்பவரிடம் கிடைக்கும் பித்தளைக் கண்ணியைப் பொருத்துங்கள். நூல் இதன் வழியேதான் நாணுக்கு வரும்; வெறும் மரத்துளையாக விட்டால் அதை நூல் சில நாட்களில் அறுத்துப் பள்ளமாக்கிவிடும்.

மறுமுனையில் 6 மில்லிமீட்டர் போல்ட். அதன் நீளம் நூல் கண்டின் உயரத்தைவிட 4 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். போல்ட்டின் தலையை மரத்துக்குள் பதித்துப் பசை போட்டு ஒட்டிவிடுங்கள், சுழலக் கூடாது. மேலே வரிசையாகத் தோல் வாஷர், நூல் கண்டு, இரும்பு வாஷர், ஸ்பிரிங், கடைசியில் விங் நட். தோல் வாஷரை விட்டுவிடாதீர்கள். கண்டு வெட்டி வெட்டி நகராமல் சீராகச் சுழல்வது அதனால்தான். பேனா ஸ்பிரிங் தாங்காது.

விங் நட்டை எவ்வளவு முறுக்குவது? நூல் நுனியைப் பிடித்துக் கருவியைத் தொங்கவிடுங்கள். தன் எடையில் அது கீழே இறங்கக் கூடாது. கையால் அழுத்தமாக இழுத்தால் நூல் வர வேண்டும். சில சென்டிமீட்டர் சுற்றியதும் கட்டைவிரல் நகத்தால் தள்ளிப் பாருங்கள். சுற்று நகர்ந்தால் இன்னும் முறுக்குங்கள்.

நூலுக்கு, ஒகேனக்கல் மீனவர்கள் பயன்படுத்துவது போன்ற ஒற்றை இழை நைலான் நரம்பு 0.45 முதல் 0.5 மில்லிமீட்டர் தடிமனில் கிடைத்தால் நடுப்பகுதிக்குப் பொருந்தும். வழுவழுப்பானது. ஆனால் ஓரிடத்தில் அறுந்தால் முழுவதும் அவிழ்ந்துவிடும். நாணின் இரு முனை வளையங்களுக்குப் பின்னல் பாலியெஸ்டர் நூலே நல்லது.

பழைய சுற்றைக் கழற்றும் முன் அம்பு பொருந்தும் இடத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிளேடால் நீளவாக்கில் கீறவே கூடாது. நான் ஒருமுறை அப்படிக் கீறி, நல்ல நாணில் இரண்டு இழைகளை அறுத்துவிட்டேன். அந்த நாணைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. முடிச்சை மட்டும் வெட்டி, பொறுமையாக அவிழுங்கள்.

நாண் பூட்டிய வில்லை ஒருவர் பிடித்துக்கொள்ள, நாண் முறுக்கியிருக்கும் திசையிலேயே கருவியைச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் நாணின் முறுக்குப் பிரியும். தொடக்கத்தில் நூல் நுனியை முதல் பதினைந்து சுற்றுகளுக்கு அடியில் புதைத்துவிடுங்கள்.

முடிப்பதுதான் பலருக்கும் சிக்கல். பழைய அளவுக்கு வந்ததும், 40 சென்டிமீட்டர் நூல் விட்டு வெட்டுங்கள். அதைப் பெரிய வளையமாக விட்டு, சுற்று நின்ற இடத்திலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி, நுனியை அதே சுழற்சியில், ஆனால் பழைய சுற்றை நோக்கிப் பின்னோக்கி, 12 முறை சுற்றுங்கள். பிறகு நுனியை நாணோடு சேர்த்து வெளிப்பக்கமாகப் படுக்க வைத்து, வளையத்தால் அதன்மேல் சுற்றிக்கொண்டே போங்கள். வெளியே ஒரு சுற்று ஏறும்போது உள்ளே ஒரு சுற்று அவிழும். எல்லாம் தீர்ந்ததும் நுனியை இழுத்து இறுக்கி வெட்டுங்கள். முதலில் துணிக்கொடிக் கயிற்றில் இரண்டு முறை பழகிவிட்டு வில்லுக்கு வாருங்கள்.

அம்பை நாணில் மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் அது தானாக நிற்க வேண்டும்; நாணை விரலால் லேசாகத் தட்டியதும் விழ வேண்டும். பிடிப்பு தளர்வாக இருந்து, இழுக்கும்போது அம்பு கழன்று வெறும் நாண் பாய்ந்தால் வில்லின் கைகள் உடையலாம். ஆகவே தளர்வாகத் தெரிந்தால் சற்றுத் தடித்த நூலால் மறுபடி சுற்றுங்கள். இருபது முப்பது அம்புகள் எய்த பிறகு, எழுதி வைத்த அளவோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.