ஆயாவிடம் கேளுங்கள்: "அப்போதே ஏன் சொல்லவில்லை?"

(ஆயா என்றால் இங்கே பாட்டி. வட ஆற்காட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறி வந்த சொல். 71 வயதில் வேறு எப்படிக் கூப்பிட்டாலும் எனக்குக் காதில் விழாது.)

கேள்வி: கடந்த நவம்பரில் பெண்கள் கறுப்பு உடுத்தி, பட்டப்பகலில் தரையில் படுத்துக் கிடந்தார்கள். என் மகளும் போனாள். கார்த்திகை மாதத்தில் பிணம்போல் படுப்பது அபசகுனம் இல்லையா?
*ஓய்வுபெற்ற வாசகர், டோங்காட்*

அபசகுனம்தான் ஐயா. அதனால்தான் படுத்தார்கள். 2025 நவம்பர் 21, ஜி20 மாநாட்டுக்காக உலகத் தலைவர்கள் ஜோகன்னஸ்பர்க்கில் கூடவிருந்த நேரம். நண்பகல் 12 மணிக்கு 15 நிமிடம். இந்த நாட்டில் நாளொன்றுக்கு 15 பெண்கள் கொல்லப்படுகிறார்கள் என்ற கணக்கில், ஆளுக்கு ஒரு நிமிடம். பெண்கள்மீதான வன்முறையைத் தேசியப் பேரிடர் என்று அரசு வகைப்படுத்தியதும் அதையொட்டித்தான். பேரிடர் என்றால் என்னவென்று டோங்காட்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் உங்கள் ஊர்க் குடிநீர் நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்குக் குடமும் வாளியுமாக நின்றவர்கள் நீங்கள். அப்போது யாராவது உங்களிடம் வந்து, "வரிசையில் நிற்பது லட்சணமாக இல்லை" என்று சொன்னார்களா?

நானும் படுத்தேன். படுப்பது எளிது, எழுவதுதான் பாடு. பக்கத்தில் கிடந்த ஜூலுப் பெண் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிவிட்டாள். என் கறுப்புப் புடவை முழுக்கச் செம்மண். உங்கள் மகள் வீடு திரும்பியபோது அவளுக்குத் தண்ணீராவது கொடுத்தீர்களா?

கேள்வி: எனக்கு வயது 24. தொலைபேசிச் சேவை நிறுவனம் ஒன்றில் வேலை. எங்கள் மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்று நாற்காலியோடு சேர்த்துத் தோளைப் பிடிப்பார். இரவு 11 மணிக்குமேல் செய்தி அனுப்புகிறார். நான்கு மாதம் பொறுத்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். "அப்போதே ஏன் சொல்லவில்லை? இப்போது சொன்னால் நீதான் இடம் கொடுத்தாய் என்பார்கள்" என்கிறார். என்ன செய்வது, ஆயா?
*வாசகி, பீனிக்ஸ்*

மகளே, உன் அம்மாமீது கோபப்படாதே. அவர் கேட்ட கேள்வியை என் அம்மாவும் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எனக்குப் பல வருடம் ஆயிற்று. அப்போதே யாரிடம் சொல்லியிருக்க வேண்டும்? அந்தப் பெயரை யாராவது சொன்னால் நானும் தெரிந்துகொள்வேன்.

நான் 17 வயதில் டர்பனில் ஒரு துணித் தொழிற்சாலையில் சேர்ந்தேன். சட்டைக் காலர் தைக்கும் வேலை. வெட்டிய துணியைக் கட்டுக் கட்டாகக் கொடுப்பவன் மேற்பார்வையாளன். சிரித்துப் பேசுகிற பெண்ணுக்குப் பருத்தி, முகம் கொடுக்காதவளுக்கு வழுக்குகிற நைலான். நைலானில் ஊசி ஓடாது, எண்ணிக்கை குறையும், வெள்ளிக்கிழமை உறையில் காசு குறையும். சாயங்காலம் வாசலில் சோதனை. துணி திருடிப் போகிறோமா என்று பார்ப்பதற்காம். அந்தக் கை துணியைத் தேடிய கை இல்லை என்பது வரிசையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும் நடப்பதாக நினைத்தாள்.

எங்கள் எல்லாரிடமும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் இருக்கும். இன்று இத்தனை காலர் என்று நாமே எழுதி வைத்துக்கொள்வோம். இல்லாவிட்டால் சம்பளத்தில் கைவைத்துவிடுவார்கள். என் பக்கத்து மெஷினில் ஒரு அக்கா, மூன்று பிள்ளைக்காரி, அதிகம் பேசமாட்டார். ஒருநாள் நான் கழிவறையில் அழுதுவிட்டு வந்ததைப் பார்த்து, "அழுத தேதியை எழுது. பின்பக்கத்திலிருந்து எழுது" என்றார். எழுதினேன். தேதி, மணி, எந்த இடம், என்ன சொன்னான், யார் பார்த்தார்கள். முன்பக்கம் காலர், பின்பக்கம் அவன். ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த அக்காவும் எழுதிக்கொண்டிருந்தார், இன்னொருத்தியும் எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று புத்தகத்தையும் தேநீர் இடைவேளையில் மடியில் விரித்து வைத்துப் பார்த்தோம். ஒரே செவ்வாய்க்கிழமை, ஒரே சேமிப்பறை, அரைமணி இடைவெளி.

சங்கத்துக்குக் கொண்டுபோனோம். அவனை வேலையைவிட்டு நீக்கினார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். மேல்மாடிக்கு மாற்றினார்கள். மேல்மாடியிலும் பெண்கள்தான் தைத்தார்கள்.

உன் கையில் இருப்பது என் கையில் இல்லாதது. அந்தச் செய்திகளை அழிக்காதே. அருவருப்பாக இருந்தாலும் வைத்துக்கொள். வேலையிடத்தில் எழுத்துமூலமாகப் புகார் கொடு, நகல் உன்னிடம் இருக்கட்டும். தெரிந்த பிறகும் நடவடிக்கை எடுக்காத நிறுவனம், தானே சட்டத்தை மீறியதாகக் கருதப்படும் என்று வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் சொல்கிறது. அதற்கு வெளியே, 2011ஆம் ஆண்டின் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நீயே போய்ப் படிவம் நிரப்பிப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம், வக்கீல் வேண்டியதில்லை. தொலைபேசியில் வரும் தொல்லையும் அதில் அடக்கம். எனக்குப் பிடித்த இடம் இது: ஆணை கொடுக்கும்போதே கைது வாரண்டையும் எழுதி நிறுத்தி வைப்பார்கள். ஆள் ஆணையை மீறினால் அது உயிர் பெறும்.

உன் அம்மாவை அழைத்துக்கொண்டு போ. அவரும் அந்த வரிசையில் உட்காரட்டும். அவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கலாம்.

கேள்வி: பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் தீர்ப்பு வர ஆறு வருடம். இதை நீதி என்று எப்படிக் கொண்டாடுவது?
*வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்*

கொண்டாடச் சொல்லவில்லை. 2019இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரியே பத்திரிகையாளர் முன்னால் சொல்லிவிட்டார். அதன்பிறகும் பெண்கள் சாட்சி சொன்னார்கள். 2025 மே 13இல் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் சொன்னதைத்தான் நான் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். ஆறு வருடத்தில் அவர்கள் வீட்டு வாசலில் எத்தனை சமாதானத் தூது வந்திருக்கும், யோசியுங்கள்.

கேள்வி: கோயிலில் தாலி கட்டி 19 வருடம். பதிவு செய்யவில்லை. கணவர் அடிக்கிறார். "சட்டப்படி நீ என் மனைவியே இல்லை, எந்தக் கோர்ட்டுக்குப் போவாய்?" என்கிறார்.
*வாசகி, சாட்ஸ்வர்த்*

இந்தப் பேச்சு 1913இல் கேட்ட பேச்சு. நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத திருமணங்கள் செல்லாது என்று கேப்டவுனில் தீர்ப்புச் சொன்னார். ஒரே நாளில் நம் கொள்ளுப்பாட்டிகள் சட்டத்தின் கண்ணில் மனைவிகள் அல்லாமல் போனார்கள். அந்த வருடமே அதை எதிர்த்து, நேட்டாலுக்கும் டிரான்ஸ்வாலுக்கும் நடுவே அனுமதியில்லாமல் மாகாண எல்லை தாண்டிச் சிறைக்குப் போன பெண்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சலோடு கிடந்து, விடுதலையான கையோடு 1914 பிப்ரவரி 22இல் இறந்துபோன வள்ளியம்மைக்கு வயது 16. ஒரு வெள்ளைக்கார நீதிபதி சொன்னதை உங்கள் வீட்டுக்காரர் இன்று சொந்த வாயால் சொல்கிறார், வெட்கமில்லாமல்.

பதில் நேரானது. 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பதிவுத்தாள் கேட்பதில்லை. மதச் சடங்குப்படி மணந்தவர், சேர்ந்து வாழ்கிறவர், எல்லாருக்கும் பொருந்தும். போங்கள் அம்மா. உங்கள் மகளுக்குக் கல்யாணம் வரும்போது, பதிவு செய்யும் அதிகாரம் பெற்ற குருக்களா என்று பந்தக்காலுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஜாதகம் இரண்டாவது.

கேள்வி: ஆடிக் கூழ் வரிசையில் நெரிசலைச் சாக்காக வைத்துச் சில ஆண்கள் இடிக்கிறார்கள். கோயில் கமிட்டியில் சொன்னால், "தாயே பார்த்துக்கொள்வாள், வெளியே பேசவேண்டாம்" என்கிறார்கள். எழுதலாமா?
*இளம் வாசகி, டர்பன்*

எழுதிவிட்டாய், நானும் அச்சில் போட்டுவிட்டேன். மாரியம்மனுக்கு அம்மை, மழை, பிள்ளை வரம் என்று ஏற்கெனவே நிறைய வேலை. கமிட்டியார் செய்யவேண்டியது ஆண்களுக்குத் தனி வரிசை, நடுவில் ஒரு கயிறு, இரண்டு பக்கமும் நான்கு பெண் தொண்டர்கள். கயிற்றுக்கு என்ன செலவாகிவிடும்? இந்த ஆடிக்கு நானும் வருகிறேன். கயிற்றின் ஓரமாக ஒரு மடக்கு நாற்காலி போட்டு வையுங்கள். நோட்டுப் புத்தகம் நான் கொண்டுவருகிறேன்.