இடம் கிடைத்த பிறகு மதிப்பெண் சரிந்தால்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

மகளுக்கு யு.சி. (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) டேவிஸில் இடம் கிடைத்துவிட்டது. பள்ளியின் கடைசி செமஸ்டர் கால்குலஸில் டி கிரேடு வரும்போல இருக்கிறது. பெரிய பிரச்சினையா? (ஃப்ரீமான்ட் வாசகி)

பெரிய பிரச்சினைதான். யு.சி. தந்திருப்பது நிபந்தனையோடு கூடிய இடம். போர்ட்டலில் 'ஏற்கிறேன்' என்று அழுத்தும் அவசரத்தில் அந்த நிபந்தனைகளை யாரும் படிப்பதில்லை. கடைசி வருட ஏ-ஜி பாடங்களில் (சேர்க்கைக்கு யு.சி. கேட்கும் பள்ளிப் பாடங்கள்) சி-க்குக் கீழே போகக்கூடாது, கடினமான பாடங்களுக்கான கூடுதல் புள்ளியை (வெயிட்) சேர்க்காத ஜி.பி.ஏ., அதாவது சராசரி கிரேடு புள்ளி, 3.0 இருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான வரம்பு. விண்ணப்பத்தில் மதிப்பெண்களை மாணவர்களே நிரப்புகிறார்கள். பள்ளியின் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல் (டிரான்ஸ்கிரிப்ட்) ஜூலை 1-க்குள் போகும்போதுதான் குட்டு வெளிப்படும்.

முதலில் ஆசிரியரைப் பாருங்கள். விட்டுப்போன அசைன்மென்ட்களை இப்போது கொடுத்தாலும் சி-க்கு வர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் டிரான்ஸ்கிரிப்ட் போகும்வரை காத்திருக்காமல் மகளே போர்ட்டல் வழியாகத் தெரிவிக்கட்டும். கோடையில் கம்யூனிட்டி காலேஜில் அதே பாடத்தைத் திரும்ப எடுக்கலாமா என்றும் கேட்கட்டும். பதில் எழுத்தில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.

பையனுக்கு டிசம்பரிலேயே எர்லி டிசிஷனில் (கிடைத்தால் அங்கேயே சேர்வதாக உறுதி தந்து முன்கூட்டியே விண்ணப்பிப்பது) இடம் கிடைத்துவிட்டது. ஜனவரியில் ஏ.பி. (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் பாடம்) ஃபிசிக்ஸை விட்டுவிட்டு ஒரு சுலபமான பாடம் எடுத்திருக்கிறான். (எடிசன் வாசகர்)

ஒரு பாடத்தில் பி வாங்குவதைவிட எனக்கு இதுதான் கவலை தருகிறது. அந்த ஃபிசிக்ஸையும் பார்த்துத்தான் இடம் கொடுத்தார்கள். பள்ளிக் கவுன்சலர் அனுப்பும் மிட்-இயர் ரிப்போர்ட்டிலும் ஜூன் மாத இறுதி அறிக்கையிலும் அது இல்லாதது தெரிந்துவிடும். எர்லி டிசிஷன் மாணவரைத்தான் கட்டிப்போடுகிறது. பல்கலைக்கழகம் விலகிக்கொள்ள வழி உண்டு. கவுன்சலரிடம் சொல்லிவிட்டு, பையனே அட்மிஷன் அலுவலகத்துக்கு மெயில் எழுதட்டும். நீங்கள் எழுத வேண்டாம். அப்பா எழுதிய மெயில் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

ஏ.பி. தேர்வில் ஐந்துக்கு 2 வந்தால் இடம் போய்விடுமா?

அமெரிக்கக் கல்லூரிகளில் பொதுவாகப் போகாது. அந்தப் பாடத்தைக் கல்லூரியில் படித்து முடித்ததாகக் கணக்கு (கிரெடிட்) கிடைக்காது, அவ்வளவுதான். வகுப்பில் வாங்கும் கிரேடு வேறு கதை.

நிஜமாகவே இடத்தைப் பறிக்கிறார்களா, சும்மா பயமுறுத்துகிறார்களா?

2017-இல் யு.சி. இர்வைன் 499 பேரின் இடத்தை ரத்து செய்தது. பாதிக்கு மேல் டிரான்ஸ்கிரிப்ட் வந்துசேராதது போன்ற காரணங்கள். எதிர்ப்பு கிளம்பியதும் வேந்தர் மன்னிப்புக் கேட்டார், அப்படிப்பட்டவர்களுக்கு இடம் திரும்பக் கிடைத்தது. மதிப்பெண் சரிந்தது தெளிவாகத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் சேர வந்த வருடம் அது. நெரிசல் வந்தால் வழக்கமாகக் கண்டுகொள்ளாத நிபந்தனையையும் தூசு தட்டி எடுப்பார்கள் என்பது என் கணிப்பு.

சென்னையில் சி.பி.எஸ்.இ. படிக்கிறேன். பள்ளி கணித்து அனுப்பிய மதிப்பெண் 94 சதவீதம், போர்டு தேர்வில் வந்தது 81.

அமெரிக்கா என்றால் கேள்வி வரலாம். அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே மார்க்‌ஷீட்டை அனுப்பிவிடுங்கள். பிரிட்டன் என்றால் ஆஃபர் கடிதத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். அதற்குக் கீழே போயிருந்தால் இடம் தருவதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம்.

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. என்ன எழுதுவது?

ஒரு பக்கம் போதும். எந்தப் பாடம், எவ்வளவு சரிந்தது, ஏன், இப்போது என்ன செய்கிறாய் என்ற வரிசையில் எழுது. உடல்நலமோ வீட்டில் இழப்போ காரணம் என்றால் மருத்துவரோ கவுன்சலரோ தந்த கடிதத்தை இணைத்துவிடு. ஆசிரியர் சரியில்லை என்று மட்டும் எழுதாதே. உண்மையில் சோம்பல்தான் காரணம் என்றால் அதை ஒப்புக்கொள்வது, இல்லாத கதையைக் கட்டுவதைவிட மேல். கல்லூரி எச்சரிக்கையோடு விடலாம், முதல் செமஸ்டர் புரொபேஷனில் (கண்காணிப்பில்) வைக்கலாம், ஸ்காலர்ஷிப்பைக் குறைக்கலாம். எல்லாக் கடிதமும் ரத்தில் முடிவதில்லை. பதிலுக்கான கடைசித் தேதி அந்தக் கடிதத்திலேயே இருக்கும். ஜூலையில் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தாலும் மெயிலையும் ஸ்பேம் பெட்டியையும் தினம் ஒருமுறை பார்த்துவிடு.