வாசகர் கேள்வி பதில்: பீலித் தண்ணி இன்னைக்கு நல்லம், நாளைக்கு?

கேள்வி: சேர், எங்க லயத்துக்கு மேல உள்ள மலையில சுரங்கம் தோண்ட போறாங்களாம். பீலித் தண்ணிய போத்தல்ல புடிச்சு டெஸ்ட் பண்ணி, பிஎச் 6.8, பயமில்லனு கடதாசி காட்டுறாங்க. நம்பலாமா? (றத்தோட்டைப் பக்கத்து வாசகி)

பதில்: கடதாசி பொய்யில்ல தங்கச்சி, பிஎச்னா தண்ணியோட புளிப்பு அளவு, 7 நடு, அதுக்கு கொறயக் கொறய புளிப்பு. ஆனா அது இன்னைக்கு ஓடுற தண்ணி. தோண்டுன பொறகு என்ன வரும்னு தெரியணும்னா கல்லத்தான் டெஸ்ட் பண்ணணும்.

சில கல்லுக்குள்ள பைரைட் இருக்கும், இரும்பும் கந்தகமும் சேந்தது, பாத்தா தங்கம் மாதிரி மின்னும். மலைக்குள்ள மூடி கெடக்குற வரைக்கும் சாது, ஒடச்சு குமிச்சதும் காத்தும் மழையும் பட்டு கந்தக அமிலமா கசிஞ்சு, கல்லுல உள்ள செம்பு, துத்தநாகம்னு கெடச்சதயெல்லாம் கரச்சிக்கிட்டு ஓடைக்கு எறங்கிரும். எல்லா மலையும் அப்படியில்ல. மாத்தளை, திகன பக்கம் சூளைக்கு ஏத்துற சுண்ணாம்புக் கல்லு இருக்குதானே, அது கூடவே கலந்திருந்தா அமிலத்த முறிச்சிரும். அதனால மொத கணக்கு, அந்தக் கல்லுல அமிலம் குடுக்குறது எவ்வளவு, முறிக்கிறது எவ்வளவு.

இதுலயும் ஒரு ஏமாத்து இருக்கு. சுண்ணாம்பு தீர்ற வரைக்கும், வருசக்கணக்கா கூட, தண்ணி நல்லாத்தான் வரும், தீந்த பொறகுதான் புளிப்பு தெரியும், அப்ப தோண்டுனவங்க மூட்டைய கட்டியிருப்பாங்க. அதுக்காகத்தான் லேப்ல நொறுக்குன கல்லு ஒரு கிலோவ குழாய்ல போட்டு 3 நாள் காஞ்ச காத்து, 3 நாள் ஈரக் காத்து குடுத்து, ஏழாம் நாள் கழுவி அந்தத் தண்ணிய பாப்பாங்க. இப்படி கொறஞ்சது 20 கிழமை. ஒரு போத்தலோட போனவங்கள்ட்ட இத கேட்டு பாருங்க, அந்த போத்தல் எந்த மாசத்துல புடிச்சதுனும் கேளுங்க, கார்த்திகை அடமழையில புடிச்சா எல்லாம் நீர்த்து போயிருக்கும்.

இவ்வளவும் பண்ணியும் பெசகும். அமெரிக்காவுல 25 சுரங்கத்துல முன்னாடி சொன்ன கணக்கயும் பொறகு வந்த தண்ணியயும் ஒப்பிட்டு 2006ல ஒரு ஆய்வு வந்துச்சு, 19 சுரங்கத்துல தண்ணி தர அளவ மீறியிருந்துச்சு. நம்ம ஊர்லயும், அமிலம் இல்லன்னாலும் கணக்கு பெசகுன கததான், உமா ஓயா நீர்த் திட்டத்துக்கு தோண்டுன சுரங்கப்பாதையில 2014 கடைசியில தண்ணி பொத்துக்கிட்டு வந்து பண்டாரவளைப் பக்கம் கெணறெல்லாம் வத்துனத மறக்க முடியுமா?

தோண்டுற நெலம் 10 ஹெக்டேயருக்கு மேல, இல்லன்னா ஆழம் 25 மீட்டருக்கு மேலன்னா சுற்றாடல் அனுமதி எடுக்கணும். முழு சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை போட்டா 30 நாள் சனங்க பாத்து எழுத்துல கருத்து குடுக்கலாம். கல்லு டெஸ்ட் எங்கனு அதுலயே எழுதிக் கேளுங்க.

கேள்வி: எங்க ஓடையில செம்மஞ்சள் சகதி, மேல எண்ணெய்ப் படலம். மேல யாரும் டீசல் ஊத்துறாங்களா? (பதுளை வாசகர்)

பதில்: ஒரு குச்சியால கீறி பாருங்க. படலம் கண்ணாடி மாதிரி துண்டு துண்டா ஒடஞ்சு நின்னா இரும்பு பாக்டீரியா, டீசல்னா கீறுன எடம் உடனே கூடிரும். சகதி இரும்புத் துருதான், சதுப்பு ஊத்துலயும் வரும், அத வச்சு மட்டும் யார் மேலயும் பழி போட்டுறாதீங்க. ஆனா சகதிக்கு மேல தண்ணி பளிங்கு மாதிரி தெளிஞ்சு, தவள பூச்சினு ஒரு உசுரும் இல்லன்னா அமிலத் தண்ணியா இருக்கலாம், அன்னைக்கே பிஎச் பாருங்க, மாட்டுக்கும் காட்டாதீங்க.