லினக்ஸில் பாட்டு ஓடுகிறது, ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லையே, ஏன்?

பெரும்பாலும் சத்தம் வேறு வழியில் போய்க்கொண்டிருக்கும். லினக்ஸில் சவுண்டு கார்டோடு நேரடியாகப் பேசுவது ஆல்சா என்ற மென்பொருள். அதற்கு மேலே, எந்த ஒலி எந்தப் பக்கம் போகவேண்டும் என்று பிரித்துவிடுவது பைப்வயர் (லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் 22.10 பதிப்பு முதல் இதுதான்). மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டியிருந்தால், ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்கு ஒலி போய்விடுவது உண்டு. மடை மாறிய வாய்க்கால் மாதிரி: மோட்டார் ஓடும், நம் வயல் காயும். செட்டிங்ஸில் சவுண்டு பகுதிக்குப் போய் அவுட்புட்டை மாற்றுங்கள்.

அப்படியும் வரவில்லையா? சரி, டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் திரை) alsamixer என்று தட்டி ஆல்சாமிக்சரைத் திறந்து, எஃப்6 அழுத்தி உங்கள் கார்டைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டர் பட்டைக்கு அடியில் 'எம்எம்' என்று இருந்தால் அது மியூட்டில் இருக்கிறது. எம் விசையை ஒரு தட்டு தட்டினால் போதும்.

டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) இல்லை என்று நினைத்து சிஸ்டத்தையே மறுபடி நிறுவுகிறவர்கள் நிறைய. எஃப்6 அழுத்தினால் வரும் பட்டியலில் கார்டின் பெயர் தெரிந்தால், டிரைவர் ஏற்கெனவே ஏறியிருக்கிறது.