பின்சிறகைப் பார்த்தால் பெயர் தெரியும்

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வசிக்கிறோம். ஆகஸ்ட் பிறந்ததிலிருந்து ராத்திரியில் ஒரு பழுப்புப் பூச்சி சமையலறை விளக்கில் வந்து முட்டுகிறது. உட்கார்ந்தால் காய்ந்த இலை மாதிரி இருக்கிறது. பறக்கும்போது மட்டும் ஆரஞ்சு நிறம் பளிச்சிடுகிறது. இது என்ன பூச்சி? கம்பளித் துணிகளை அரித்துவிடுமா?

பதில்: அந்த ஆரஞ்சைக் கவனித்தீர்களே, பாதி வேலை முடிந்தது. பெரும்பாலும் அது 'லார்ஜ் யெல்லோ அண்டர்விங்' என்ற அந்துப்பூச்சியாக இருக்கும். பிரிட்டன் தோட்டங்களில் கோடைக் கடைசியில் சர்வசாதாரணம்.

உறுதி செய்ய, கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து அடியில் ஓர் அட்டையைச் செருகிப் பிடியுங்கள். முன்சிறகின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். வெளிர் பழுப்பிலிருந்து ஏறக்குறைய கறுப்பு வரை ஒவ்வொன்றும் ஒரு நிறம், நானே ஏமாந்திருக்கிறேன். அது படபடக்கும்போது பின்சிறகைப் பாருங்கள். மஞ்சள் கலந்த ஆரஞ்சு, ஓரத்தை ஒட்டி ஒடுக்கமான கறுப்புப் பட்டை. சரி, அந்த மஞ்சளுக்கு நடுவில் பிறை மாதிரிக் கறுப்புக் குறி உண்டா? இருந்தால் அது சற்றே சிறிய 'லெஸ்ஸர் யெல்லோ அண்டர்விங்'. இல்லையென்றால் நான் சொன்னதுதான். கறுப்புப் பட்டை மிக அகலமாக, சிறகில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தால் 'பிராட்-பார்டர்ட்' என்ற இன்னொரு உறவு.

பின்சிறகைக் காட்டாமல் அடம்பிடித்தால், முன்சிறகின் நுனியருகே மேல்விளிம்பை ஒட்டிச் சின்னக் கறுப்புக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் லார்ஜ் யெல்லோ அண்டர்விங்தான். முன்சிறகு இரண்டரை சென்டிமீட்டர் அளவில் இருக்கும். உட்காரும்போது சிறகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, ஒடுங்கித் தட்டையாகிவிடும். தொந்தரவு செய்தால் பறப்பதற்கு முன் குடுகுடுவென்று ஓடும். மஞ்சளைக் குறிவைத்துத் துரத்தும் குருவிக்கு, இது தரையில் இறங்கிச் சிறகை மூடியதும் இலக்கே காணாமல் போய்விடும்.

கம்பளிக்குப் பயமில்லை. துணியை அரிப்பது சுமார் 7 மில்லிமீட்டர் நீளமே உள்ள, வைக்கோல் நிறப் பூச்சியின் புழு. அந்தப் பூச்சி வெளிச்சத்தைக் கண்டால் ஒளிந்துகொள்ளும். விளக்கைத் தேடி வரும் உங்கள் விருந்தாளி அந்த ரகமே இல்லை. ஜன்னலைத் திறந்து வெளியே விட்டுவிடுங்கள்.

தோட்டத்தில் லெட்டூஸ், கீரை ஏதும் போட்டிருந்தால்தான் கவனம் தேவை. இதன் புழு வெட்டுப்புழு ரகம். இளஞ்செடிகளை மண்ணோடு ஒட்டிக் கடித்துச் சாய்த்துவிடும். குளிர்காலத்திலும் சாகாது, குளிர் குறைந்த ராத்திரிகளில் வெளியே வந்து மேயும். செடி சாய்ந்து கிடந்தால் அன்றிரவே டார்ச்சோடு போய்ப் பாருங்கள். முதுகில் கருங்கோடுகள் வரிசையாக உள்ள, ரோமமில்லாத பச்சை அல்லது பழுப்புப் புழு கையிலேயே கிடைக்கும். இல்லாவிட்டால் செடியைச் சுற்றி மண்ணை லேசாகக் கிளறுங்கள்.