அணையில் அறுபத்திரண்டு அடி, கண்மாயில் எத்தனை தண்ணி?

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் ஊர் பரமக்குடிக்குக் கிழக்கே இருக்கிறது. கரிசல் மண், கண்மாய்ப் பாசனம், நாலு ஏக்கர். புரட்டாசியில் புழுதி விதைப்பாக அண்ணா (ஆர்) 4 நெல் விதைத்தேன். அக்டோபர் 4-ஆம் தேதி மழையில் முளைத்தது, இன்றைக்குப் பயிருக்கு 42 நாள். அக்டோபர் 30-க்குப் பிறகு ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால் மாவட்டத்தில் மழை இயல்பைவிட 4 சதவீதம்தான் குறைவு என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். வைகை அணையில் 62 அடி தண்ணீர் இருக்கிறது, சீக்கிரம் திறந்துவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. இரண்டாம் மேலுரத்துக்கு யூரியா வாங்கி வைத்துவிட்டேன். இப்போது போடலாமா? உரக்கடையில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஜெல் என்று ஒன்று காட்டுகிறார்கள். ஏக்கருக்கு இரண்டு கிலோ தூவினால் 20 நாள் தாங்குமாம். அதையும் வாங்கலாமா?

பதில்: யூரியாவைப் போடாதீர்கள். மூட்டையைப் பிரிக்காமல் மேட்டில் அடுக்கி வையுங்கள். காய்ந்த மண்ணில் விழுந்த யூரியாவில் ஒரு பகுதி காற்றோடு போகும், மீதி பயிருக்கு எட்டாமல் மேலேயே கிடக்கும். நல்ல மழையோ மடைத் தண்ணீரோ கிடைத்து மண் நனைந்த மறுநாள் போடுங்கள், நாலைந்து நாள் தள்ளிப் போனாலும் நஷ்டமில்லை.

ஜெல்லை வாங்காதீர்கள். அது விதைப்பதற்கு முன் மண்ணோடு கலந்து வேர் ஓடும் ஆழத்தில் கிடக்க வேண்டிய சரக்கு. 42 நாள் பயிர் மேல் தூவினால் வெயிலில் காய்ந்து கிடக்கும். அது நல்ல ஜெல்லாகவே இருந்தாலும் நனையாத மண்ணில் எந்த ஈரத்தைப் பிடித்து வைக்கும்? அதிலும் உங்களுடையது கரிசல், ஈரம் பிடிப்பதில் அதுவே கெட்டிக்காரன். மணல் சாரியில் விதைப்போடு போட்டுப் பார்க்கிறேன் என்று ஒருவர் சொன்னால் சரி என்பேன். உரக்கடைக்காரருக்கு வறட்சியும் ஒரு சீசன்தான். மழைக் காலத்தில் பூஞ்சாண மருந்து விற்ற அலமாரியில் வயல் காயத் தொடங்கியதும் பயிர் டானிக்கும் ஜெல்லும் ஏறிவிடும். அவர் உங்கள் வயலில் கால் வைத்திருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள்.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்காததுதான் எனக்கு உறுத்துகிறது. மாவட்ட மழையும் அணை மட்டமும் உங்களுக்குத் தெரிகிறது. உங்கள் ஊரில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது, உங்கள் கண்மாயில் இன்னும் எத்தனை தண்ணி, அதாவது எத்தனை முறை பாய்ச்சும் அளவு, இருக்கிறது என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை.

முதலில் அந்த 4 சதவீதம். வானிலைத் துறைக் கணக்கில் இயல்புக்கு 19 சதவீதம் கீழே இருந்தாலும் மேலே இருந்தாலும் அதற்கு 'இயல்பு' என்றே பெயர். 20-லிருந்து 59 வரை குறைந்தால் 'பற்றாக்குறை', 60-ஐத் தொட்டால் 'பெரும் பற்றாக்குறை'. அந்தக் கணக்கு ஒரு மாவட்டத்தின் மழைமானிகளையெல்லாம் சேர்த்துப் போட்ட சராசரி. நம் ராமநாதபுரம் மாவட்டமோ பாம்பனிலிருந்து கமுதி வரை நீண்டு கிடக்கிறது. 2024 நவம்பர் 20-ஐ ஒட்டி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படி ஒரு நாள் போதும், மாவட்டச் சராசரி மேலே போய்விடும், முதுகுளத்தூர்க்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பஞ்சாங்கத்தில் இத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை, பூமிக்கு இத்தனை என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். நம்புகிறோமோ இல்லையோ, கடலில் பெய்ததை வயலில் பெய்ததோடு சேர்க்கக் கூடாது என்ற புத்தி அதில் இருக்கிறது.

மாநிலம் முழுவதும் காய்ந்தால் சராசரியே உண்மையைச் சொல்லிவிடும். 2016-இல் வடகிழக்குப் பருவத்தில் 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய தமிழ்நாட்டில் 168 தான் பெய்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்தார்கள். அது எல்லார் கண்ணுக்கும் தெரிந்த வறட்சி. உங்களுடையது பேப்பரில் வராத வறட்சி. மொத்த மழை சரியாக இருக்கும், இடைவெளி கொன்றுவிடும்.

கணக்கைப் பாருங்கள். இந்தப் பருவத்தில் நெல்லும் மண்ணும் சேர்ந்து ஒரு நாளைக்கு 4, 5 மில்லிமீட்டர் தண்ணீரைச் செலவழிக்கும். நெல் வேர் அதிகம் ஓடும் மேல் ஓரடிக் கரிசலில் பயிருக்குக் கிடைக்கிற ஈரம் சுமார் 50, 60 மில்லிமீட்டர். பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும். உங்களுக்கு இன்று பதினாறாம் நாள். 105 நாள் ரகத்துக்கு 45-ஆம் நாளை ஒட்டித்தான் தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்கும். மண் காயக் கூடாத நேரத்தில் காய்ந்திருக்கிறது.

அதனால்தான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் மழைமானி வையுங்கள் என்று நச்சரிக்கிறேன். கடையில் வாங்க வேண்டியதில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்கிற டப்பா எதுவானாலும் போதும், வாய் எத்தனை அகலம் என்பது கணக்கில் வராது. வாளி உதவாது, அடி குறுகி வாய் விரிந்திருப்பதால் அதிகமாகக் காட்டும். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டிக் கவிழ்த்துச் செருகினால் புனலும் ஆயிற்று. பக்கம் நெளிவில்லாத பாட்டிலாகப் பாருங்கள். அடிப்பக்க மேடுபள்ளம் மூடும் வரை தண்ணீர் ஊற்றி அங்கே ஒரு கோடு போடுங்கள், அதுதான் பூஜ்யம். பள்ளிக்கூட ஸ்கேலை ஒட்டிவிடுங்கள். மரமோ வீடோ எத்தனை உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி, ஆடு முட்டாத இடத்தில் கம்பத்தில் கட்டுங்கள். காலை எட்டரைக்குப் பாருங்கள். அரசாங்க மழைமானியும் அந்த நேரத்துக்குத்தான் பார்க்கப்படுகிறது, பின்னால் ஒப்பிட வசதி. பார்த்ததும் கொட்டிவிட்டுப் பூஜ்யம் வரை மறுபடி ஊற்றி வையுங்கள்.

நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, மில்லிமீட்டர், அவ்வளவுதான். இரண்டரை மில்லிமீட்டர் பெய்தாலே வானிலைத் துறை அதை மழை நாள் என்று எண்ணும். அந்த மழை புழுதியை அடக்கும், மதியத்துக்குள் ஆவியாகிவிடும். நான் பத்துக்குக் குறைந்ததை எழுதுவேன், எண்ண மாட்டேன். பத்துக்கு மேற்பட்ட இரண்டு மழைக்கு நடுவே பன்னிரண்டு நாள் தாண்டினால் சிவப்பு மையில் கோடு. ஒரு மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்கு நாலாயிரம் லிட்டர் என்பதையும் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டேங்கர் லாரிக்காரர் விலை சொல்லும்போது பயன்படும். மூன்று வருஷ நோட்டு கையில் இருந்தால் உங்கள் நிலத்துக்கு எந்த வாரம் விதைப்பது, எந்த ரகம் போடுவது என்று என்னைக் கேட்க மாட்டீர்கள்.

சரி, அணைக்கு வருவோம். 62 அடி என்பது தேக்கடியிலும் வருசநாட்டிலும் பெய்த மழையின் கணக்கு, உங்கள் ஊர் மழையின் கணக்கு இல்லை. முழு மட்டம் 71 அடி. அணை கிண்ணம் மாதிரி, மேல் அடிகளில்தான் தண்ணீர் அதிகம். அந்த ஒன்பது அடிக் குறையைச் சின்னதாக நினைக்காதீர்கள். பூர்வீகப் பாசனத்துக்கு, அதாவது வைகையை நம்பியிருக்கும் பழைய பாசன நிலங்களுக்கு, திறந்தால் ராமநாதபுரம், சிவகங்கை, மதுரைக்கு 7:3:2 என்று பங்கு இருக்கிறது, ஆற்றை மேலிருந்து மூன்று பகுதியாகப் பிரித்ததில் பார்த்திபனூர் மதகணைக்குக் கீழே உள்ள நாம் கடைசிப் பகுதி. பங்கு காகிதத்தில் பெரிது. ஆனால் காய்ந்த மணல் குடித்தது போக மீதிதான் வந்து சேரும். மணல் அள்ளிப் படுகை தாழ்ந்த இடங்களில் கால்வாய்த் தலைப்பு மேட்டில் நிற்கிறது, ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் வாய்க்காலில் ஏறாது.

ஆறு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஆற்றில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கும் பெண்களைக் கேளுங்கள். போன மாதம் ஒரு முழத்தில் ஊறியது இப்போது மூன்று முழம் போனால்தான் ஊறுகிறது என்றால், திறந்துவிட்ட தண்ணீர் உங்களிடம் வருவதற்குள் அந்த மணலையெல்லாம் நிரப்பியாக வேண்டும். ஒரு முழத்திலேயே ஊறினால் தைரியமாகக் காத்திருக்கலாம்.

இப்போது கண்மாய். நாளைக் காலையில் மடைக்குப் போய், தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துச் சுண்ணாம்பில் கோடு போடுங்கள். ஒரு பேச்சுக்கு, தண்ணீர் 40 ஏக்கருக்குப் பரவி சராசரி மூன்றடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம். 120 ஏக்கர்-அடி (ஒரு ஏக்கரில் ஓரடி உயரம் நின்றால் ஒரு ஏக்கர்-அடி). மடைக்குக் கீழே தங்குவதும் வெயில் குடிப்பதும் நாற்பது போகட்டும், எண்பது மிச்சம். ஆயக்கட்டு, அதாவது கண்மாய் பாயும் நிலம், 100 ஏக்கர் என்றால், வாய்க்கால் சேதாரத்தையும் சேர்த்து ஒரு நனைப்புக்கு ஏக்கருக்கு நாலு அங்குலம் வேண்டும், மொத்தம் 33 ஏக்கர்-அடி. ஆக, இரண்டு தண்ணி. மூன்றாவது கிடையாது. அந்த இரண்டில் ஒன்று இப்போது, இன்னொன்று 70-ஆம் நாளை ஒட்டிப் பூக்கும்போது. இதை மடை திறந்து தண்ணீர் விடும் நீர்பாய்ச்சியோடும் ஆயக்கட்டுக்காரர்களோடும் உட்கார்ந்து இந்த வாரமே பேசி முடியுங்கள். ஆளாளுக்கு மடையைத் திறந்தால் மேல்மடைக்காரர் வயலில் தண்ணீர் நிற்கும், கடைமடையில் பதர் நிற்கும்.

தண்ணீர் வரும் வரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். களையை எடுங்கள், இருக்கிற ஈரத்தில் அதுவும் பங்கு கேட்கிறது. காலை ஏழு மணிக்கு இலையைப் பாருங்கள். மதியம் சுருண்டு சாயங்காலம் விரிந்தால் பயிர் இன்னும் தாங்குகிறது. விடியும்போதே சுருண்டிருந்தால் அந்த வயலுக்கு முதல் தண்ணி. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் இரண்டு கிலோ பொட்டாஷைக் கரைத்து சாயங்கால வேளையில் இலையில் தெளிக்கலாம், ஓரளவு தாங்கும். வேளாண் பல்கலைக்கழகத்தின் பிபிஎஃப்எம் என்ற, பயிர் வறட்சியைத் தாங்க உதவும் பாக்டீரியா திரவம் கிடைத்தால் அவர்கள் சொல்லும் அளவில் தெளியுங்கள். விலையும் குறைவு. உரக்கடையில் கேட்டால் 'அதெல்லாம் வருவதில்லை' என்பார்கள், வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

போர் போடுகிறேன் என்று கிளம்பாதீர்கள். நம் பக்கம் அடிநீர் பல இடங்களில் உவர். பக்கத்துத் தோட்டத்துப் போர் தண்ணீரைப் பரிசோதித்த சீட்டைப் பார்க்காமல், தேங்காய் வைத்து ஊற்றுப் பார்ப்பவரை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்துவிட்டீர்களா? கடிதத்தில் அதுவும் இல்லை. பருவத்தின் நடுவிலேயே மகசூல் பாதிக்குக் கீழே போகும் என்று தெரிந்தால், இழப்பீட்டில் ஒரு பகுதியை முன்னதாகத் தர அதில் இடமுண்டு. ஊர் முழுவதையும் வைத்துத்தான் முடிவு செய்வார்கள், தனி ஒருவர் வயலை வைத்து இல்லை. உங்கள் நோட்டைச் சாட்சியாக ஏற்க மாட்டார்கள். ஆனாலும் வேளாண் அலுவலரை வயலுக்குக் கூப்பிடும்போது 'மழையே இல்லை சார்' என்று சொல்வதற்கும், தேதி போட்டு மில்லிமீட்டரைக் காட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு.

மடையில் எத்தனையாவது படி என்று பார்த்து எழுதுங்கள். ஆயக்கட்டு எத்தனை ஏக்கர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், தண்ணி கணக்கை நான் போட்டு அனுப்புகிறேன்.