பியானோவும் வீணையும் மலை இறங்கும்போது

கேள்வி: ஏற்காட்டில் இருக்கும் எங்கள் வீட்டைக் காலி செய்கிறோம். அப்பா வாங்கிய பழைய அப்ரைட் பியானோவும், அம்மா வாசித்த தஞ்சாவூர் வீணையும் சென்னையில் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும். பார்சல் சர்வீஸ், ரயில், பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். ஒருவர் சொல்லும் விலைக்கும் இன்னொருவர் சொல்லும் விலைக்கும் சம்பந்தமே இல்லை. எதை நம்பி அனுப்புவது?
வாசகி, ஏற்காடு

பதில்: இரண்டையும் ஒரே வண்டியில் அனுப்பாதீர்கள். பியானோவுக்குத் தனி வண்டி பிடியுங்கள். வீணை உங்களோடு காரில் வரட்டும். ஏன் என்று சொல்கிறேன்.

வாத்தியங்கள் பெரும்பாலும் ஓடும் வண்டியில் உடைவதில்லை. ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான் உடைகின்றன. அதனால் விலை பேசுவதற்கு முன்னால், "ஏற்காட்டில் ஏற்றினால் சென்னை வீட்டு வாசலில்தான் இறக்குவீர்களா, நடுவில் எங்காவது இறக்கி ஏற்றுவீர்களா?" என்று கேளுங்கள். பார்சல் சர்வீஸில் போட்டால் மலையிலிருந்து ஒரு சின்ன வண்டி, சேலத்தில் குடோன், அங்கிருந்து இரவு லாரி, சென்னையில் இன்னொரு குடோன், கடைசியாக வீட்டுக்கு ஒரு மினி லாரி என்று போகும். ஒவ்வொரு இடத்திலும் புது லோடுமேன்கள். அவர்களுக்கு அது இன்னொரு கனமான சரக்கு, அவ்வளவுதான். ஜவுளிப் பேலுக்கும் ஜவ்வரிசி மூட்டைக்கும் அந்த ஏற்பாடு அருமையானது. சேலத்து வியாபாரமே அதில்தான் ஓடுகிறது. பியானோவுக்கு அது சரிப்படாது. உங்களுக்கு வந்த விலைகளுக்குள் இவ்வளவு வித்தியாசம் இருப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். குறைவாகச் சொன்னவர் மற்ற சரக்கோடு சேர்த்து அனுப்புகிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்ரைட் பியானோ 200 முதல் 300 கிலோ வரை இருக்கும். உள்ளே ஒரு வார்ப்பிரும்புச் சட்டம். அதில் இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள், எல்லாம் சேர்ந்து பதினைந்து இருபது டன் இழுவிசையில் நிற்கின்றன. எடையில் பெரும்பகுதி முதுகுப் பக்கம்தான். ஆகவே பியானோ முன்னால் விழுவதைவிடப் பின்னால் சாயத்தான் பார்க்கும். அகலம் ஐந்தடி இருக்கும், ஆழம் இரண்டடிதான். இந்தக் கணக்கு மலைப்பாதையில் முக்கியம்.

அடிவாரத்துக்கு இறங்கும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும் வண்டி பிரேக் போட்டுக்கொண்டே வரும், சரக்கு டிரைவர் கேபின் பக்கம் தள்ளும். வளைவில் பக்கவாட்டில் தள்ளும். பியானோவின் முதுகைக் கேபின் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் பிரேக்கின் வேகத்தைச் சுவர் தாங்கிக்கொள்ளும். பக்கவாட்டுத் தள்ளலை அதன் ஐந்தடி அகலம் தாங்கும், அந்தத் திசையில் அது எளிதில் கவிழாது. வண்டியின் பக்கச் சுவரில் முதுகை ஒட்டி நிறுத்தினால், ஒவ்வொரு வளைவிலும் அதன் இரண்டடிப் பக்கமாகத் தள்ளல் வரும். பட்டையை நம்பித்தான் இறங்க வேண்டியிருக்கும். எப்படி நிறுத்துவீர்கள் என்று வண்டிக்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே இதற்கு முன் பியானோ ஏற்றியவரா இல்லையா என்று தெரிந்துவிடும். கயிறு வேண்டாம். நெம்பி இறுக்கும் ராட்செட் பட்டை இரண்டு, ஒன்று மேலே, ஒன்று நடுவில். பட்டை மரத்தில் பதியும் இடத்தில் மடித்த போர்வை வைக்க வேண்டும்.

படுக்க வைத்து ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் அவரை விட்டுவிடுங்கள். உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சுத்தியல், கம்பளித் துண்டுகள், மெல்லிய ஸ்பிரிங்குகள் எல்லாம் நிற்கும் நிலைக்காகவே அமைக்கப்பட்டவை. அடியில் இருக்கும் சின்ன உருளைகளையும் நம்ப வேண்டாம். அறைக்குள் ஓரடி நகர்த்தத்தான் அவை. வாசற்படியில் அவற்றின் மேல் இழுத்தால் முதலில் முறிவது முன்கால். நாலு சக்கரம் வைத்த பலகையும், நாலு ஆளும் வேண்டும். ஏற்காட்டு வீடுகளில் ஒரு வசதி உண்டு. சரிவான நிலம் என்பதால் லாரித் தட்டின் உயரத்துக்கு ஏதாவது ஒரு மேடு பக்கத்தில் இருக்கும். வண்டியை அதன் ஓரமாக ஒட்டி நிறுத்தி, தடித்த பலகை போட்டால், தூக்கும் வேலை பாதியாகிவிடும். முந்தின நாளே இடத்தைப் பார்த்து வைத்துவிடுங்கள்.

மூடியைப் பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு இல்லையென்றால் துணிப்பட்டையால் கட்டலாம், ஒட்டு டேப் பாலிஷை உரித்துவிடும். முதலில் போர்வை, அதற்கு மேல்தான் பிளாஸ்டிக் ஃபிலிம். ஃபிலிமை நேரடியாக மரத்தில் சுற்றினால் மலையின் ஈரம் உள்ளே நின்று, கீழே வெயிலில் வியர்த்து, பாலிஷில் வெள்ளைத் திட்டு விழும். கம்பிகளைத் தளர்த்த வேண்டாம். அவ்வளவு இழுவிசையை ஒழுங்கில்லாமல் குறைத்தால் திரும்ப சுருதிக்குக் கொண்டு வருவது பெரும்பாடு.

வண்டியைப் பொறுத்தவரை, டாடா 407 அளவில் மூடிய பாடி உள்ள சின்ன லாரி போதும். பெரிய லாரியைக் கொண்டை ஊசி வளைவில் திருப்புவது டிரைவருக்கும் பாடு, சரக்குக்கும் பாடு. சென்னை போகிற வண்டி என்பதால் குப்பனூர் வழியாக இறங்கி அயோத்தியாப்பட்டணத்தில் நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம், ஊருக்குள் நுழைய வேண்டியதில்லை. அன்றைக்குப் பாதை எப்படி இருக்கிறது என்று டிரைவரே முடிவு செய்யட்டும். சங்ககிரி, நாமக்கல் பக்கத்து டிரைவர்களுக்கு இந்த விஷயத்தில் நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சனி ஞாயிறு மட்டும் வேண்டாம். மே மாதக் கோடை விழாக் கூட்டமும் ஐப்பசி மழையும் வேண்டாம். தை, மாசி நல்ல காலம்.

அப்புறம் காகித வேலை. பலரும் ஏமாறுவது இங்கேதான். எல்.ஆர். என்னும் லாரி ரசீதில் "ஓனர்ஸ் ரிஸ்க்", அதாவது சேதமானால் சரக்குக்காரர் பொறுப்பு, என்று முத்திரை குத்தித் தருவார்கள். சாலைப் போக்குவரத்துச் சரக்குச் சட்டம் 2007இன் கீழ் வந்த 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, நீங்கள் கூடுதல் மதிப்பை அறிவித்து அதற்கான கட்டணம் கட்டாவிட்டால், டிரான்ஸ்போர்ட்டின் பொறுப்பு கட்டிய வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். 400 ரூபாய் வாடகையில் வீணையைப் பார்சலில் போட்டால், உடைந்தால் அதிகபட்சம் 4,000. ரயிலில் இன்னும் மோசம். மதிப்பு அறிவிக்காத சரக்குக்குக் கிலோவுக்கு 50 ரூபாய்தான் வரம்பு. பத்து கிலோ வீணைக்கு 500 ரூபாய் வரும். அதில் ஒரு செட் கம்பியும் மெழுகும் வாங்கலாம், வீணை வாங்க முடியாது.

ஆகவே மதிப்பை எழுத்தில் அறிவியுங்கள். பழைய பியானோவுக்கு பில் இருக்காது. டியூனர் அல்லது வாத்தியக் கடைக்காரர் ஒருவரிடம் மதிப்பீட்டுக் கடிதம் வாங்கிவிடுங்கள். இன்ஷூரன்ஸ் எடுப்பதாக மூவர்ஸ் சொன்னால், பாலிசியில் உங்கள் பெயர் இருக்கிறதா, காப்பீட்டுக் கம்பெனியின் பாலிசி எண் இருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் "ரிஸ்க் சார்ஜ்" என்று ஒரு வரி சேர்ப்பது இன்ஷூரன்ஸ் ஆகாது. ஏற்றி இறக்கும்போது ஏற்படும் சேதம் அதில் அடங்குமா என்று தனியாகக் கேளுங்கள். சில பாலிசிகள் வண்டி கவிழ்ந்தால் மட்டும்தான் பேசும். பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில் (சரக்கு கொண்டு போவதற்கான ஜிஎஸ்டி ஆவணம்) தேவையில்லை. ஆனாலும் "சொந்த உபயோகப் பழைய பொருள், விற்பனைக்கு அல்ல" என்று கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை டிரைவரிடம் கொடுத்துவிடுங்கள், வழியில் யாராவது நிறுத்தினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

வீணைக்கு வருவோம். அதன் பலவீனம் வேறு. கம்பியை அழுத்தி வாசிக்கும் 24 மெட்டுகளும் (உலோகக் கட்டைகள்) நிற்பது மெழுகுச்சட்டத்தில். தேன்மெழுகும் கரியும் சேர்த்த கலவை அது. தேன்மெழுகு உருகுவது 62 டிகிரிக்கு மேல்தான் என்றாலும், அதற்கு வெகு முன்பே இளகிவிடும். சித்திரை வெயிலில் மூடிய லாரிப் பெட்டி வழியில் எங்காவது ஒரு மதியம் நின்றால் போதும். மெட்டு ஒன்று மயிரிழை சரிந்தாலும் சுருதி போய்விடும். பிறகு மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதி பார்த்து மெழுகில் மறுபடி பதிக்கத் தெரிந்தவரைத் தேட வேண்டும். சென்னையில் கிடைப்பார்கள், ஆனால் அம்மா பழகிய அந்த மேளம் போய்விடும். பியானோவோடு ஒரே வண்டியில் வேண்டாம் என்று சொன்னதும் இதற்காகத்தான்.

வீணையைப் பேக் செய்வது எப்படி என்று கேட்டால், சுரைக்காயைத் திருகிக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். கம்பிகளை ஓரிரு சுரம் இறக்கினால் போதும். முழுக்கத் தளர்த்தக் கூடாது, கம்பியின் அழுத்தத்தில்தான் குதிரை (கம்பிகளைத் தாங்கும் பாலம்) தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கம்பிக்கும் மெட்டுக்கும் நடுவே நீளமான மெல்லிய துணியைச் செருகிவிடுங்கள். அடுத்து யாளி முகம் தொடங்கும் கழுத்துப் பகுதி. அது ஒரே மரத்தில் கடைந்த ஏகாண்ட வீணையா, ஒட்டு வீணையா என்று பாருங்கள். ஒட்டு என்றால் இணைப்பில் மெல்லிய கோடு தெரியும், பாரம் அங்கே விழக் கூடாது. தண்டிக்கு (மெட்டுகள் இருக்கும் நீண்ட பகுதி) அடியில் உருட்டிய துண்டு வைத்து, குடமும் தண்டியும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி காரின் பின்சீட்டில் கிடத்துங்கள். டிக்கியில் வேண்டாம். வழியில் சாப்பிட இறங்கினால் ஒருவர் காரிலேயே ஏசி போட்டு இருக்கட்டும், அல்லது நல்ல நிழல் பாருங்கள்.

கார் இல்லையென்றால், சேலம் ஜங்ஷனில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் இரவோடு இரவாகச் சென்னை. வெயில் தொல்லை இல்லை. பெட்டிக்குள் எடுத்துச் செல்லும் பெட்டிகளுக்கு ஒரு மீட்டர் நீளம் என்று ரயில்வே வரம்பு உண்டு, வீணை அதைத் தாண்டும். கலைஞர்கள் ஏசி பெட்டியில் தங்கள் பெர்த்திலேயே வைத்துக்கொண்டு போவதைப் பார்க்கிறோம், ஆனால் டிக்கெட் பரிசோதகர் கேட்டால் விதி அவர் பக்கம். அதனால்தான் கார் என்கிறேன். பார்சல் பெட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

சென்னையில் இறக்கியதும், ரசீதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் போர்வையை அவிழ்த்துப் பாருங்கள். லோடுமேன்கள் அவசரப்படுத்துவார்கள், பரவாயில்லை. மலையில் ஏற்றும் முன் நாலு பக்கமும் எடுத்த போட்டோக்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் வேலை சீக்கிரம் முடியும். கீறல், பிளவு எதுவானாலும் அந்த ரசீதிலேயே எழுதி, அதைப் படம் பிடித்துக்கொண்டு, பிறகுதான் கையெழுத்து. வழக்குப் போடும் நிலை வந்தால், சரக்கைப் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் டிரான்ஸ்போர்ட்டுக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் போயிருக்க வேண்டும்.

பியானோவை உடனே டியூன் செய்யச் சொல்லாதீர்கள். ஏற்காட்டுக் குளிரில் பழகிய மரம் கடலோரப் புழுக்கத்துக்கு மாற இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அதற்கு முன் செய்கிற டியூனிங் நிற்காது. ஜன்னலை ஒட்டியோ ஏசி காற்று நேராகப் படும் இடத்திலோ வைக்காமல் உள்சுவர் ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள், தங்கை வீடு கடற்கரைக்குப் பக்கம் என்றால் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க அது இன்னும் அவசியம்.